பாலைவனக் கோயிலும் என் செருப்பும்

சனிக்கிழமை பின்னேரம் ஸ்லைட் படம் போடுகிறோம், வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் அந்தக் காலத்தில் எனக்கு ஓடி ஒளியலாம் போல இருக்கும். கூப்பிடுவது என் கணவராக இருந்தால் இன்னும் மோசம். ஏனென்றால் படம் ஓடுவது என் வீட்டில். வடை சுடுவதும் நான்.

எழுபதுகளின் பின்பாதி. மெல்பேர்னில் டண்டினொங் பக்கம் ஒரு செங்கல் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரில் பக்கத்து ஒழுங்கையில் இருந்தாலும் முகம் பார்க்காத ஆட்கள், இங்கே நாலு வார்த்தை தமிழில் கதைப்பதற்காகக் கார் ஓட்டிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்கள் கதைக்கத்தான் வருகிறார்கள் என்பது என் கணவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. அவர்களை வரிசையாக இருத்தி, எகிப்து காட்டுவார்.

கோடை காலத்தில் இந்த ஊரில் சூரியன் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அசையாது. போதாததற்கு அரசாங்கம் மணிக்கூட்டை வேறு முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கும். இருட்டாமல் படம் தெரியாதே! ஆகவே குளிர்காலத்துக் கம்பளிப் போர்வைகளையெல்லாம் எடுத்து ஜன்னல்களுக்கு மேல் ஆணி அடித்துத் தொங்கவிடுவார். வெளியே கொதிக்கிற வெயில், உள்ளே கம்பளி, நடுவில் புரொஜெக்டர் ஊதுகிற சூட்டுக் காற்று, குசினியில் என் எண்ணெய்ச் சட்டி. பாலைவனத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் பாலைவனத்தில் இருந்தபடியே கேட்டார்கள்.

சுவரில் எங்கள் கட்டில் விரிப்பு. அதில் முதலில் விமானத்தின் இறக்கை தெரியும். பிறகு ஓர் ஒட்டகம், பெரும்பாலும் தலைகீழாக. அதை எடுத்து நேராக்கிப் போடும்வரை எல்லோரும் வெள்ளை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு மணல், பிறகு எங்கள் பஸ், பிறகு அதே மணல். கடைசியில் அந்தப் படம் வரும். பெரிய கல்வாசல் ஒன்று, அதற்குள்ளே கன்னங்கரிய இருட்டு. கீழ் மூலையில் மங்கலாக, மண்நிறத்தில் ஒரு கோடு.

அந்தப் படத்தில் என் கணவர் நிறுத்திவிடுவார். உள்ளே தூண்கள் எப்படி நின்றன, மழை வெயில் படாத உத்தரங்களின் அடியில் நீலமும் சிவப்பும் எப்படி அப்படியே இருந்தன, போகப் போக நிலம் எப்படி உயர்ந்தது, கூரை எப்படித் தணிந்தது, கடைசிச் சின்ன அறையில் சாமி இருந்த கற்பீடம் எப்படி வெறுமையாகக் கிடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லுவார். சனம் கரிய வாசலையே பார்த்தபடி வடை சாப்பிடும்.

"உள்ளுக்குப் படம் எடுக்கேல்லையோ?" என்று யாராவது கேட்பார்கள்.

"மூலஸ்தானத்தைப் படம் எடுக்கக் கூடாது."

"அதென்ன மூலையிலை?"

"தூசி."

குசினியில் நின்று நான் பல்லைக் கடிப்பேன். ஏனென்றால், அந்த வாசலுக்கு உள்ளே என் கணவர் காலே வைக்கவில்லை. போனது நான்.

என் கணவர் கட்டட எஞ்சினியர். டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் களஞ்சியங்களும் கொட்டகைகளும் கட்டப் படம் கீறிக் கொடுப்பது வேலை. ஊரில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் சாமியைப் பார்க்க மாட்டார். தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடவுள், நாள் கோள், நல்ல நேரம் எதுவும் அவருக்கு இல்லை. கட்டடம் மட்டும்தான் உண்டு.

எகிப்தில் பாலைவன ஓரமாக இடிந்து கிடக்கிற ஒரு கோயிலின் மேல் அவருக்கு எப்படி அப்படியொரு பித்துப் பிடித்தது என்று தெரியாது. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உடனே "நாங்களும் போனனாங்கள்" என்று யாராவது தொடங்குவார்கள். எனக்கு இனிமேல் ஒருவருடைய எகிப்தையும் கேட்கத் தெம்பு இல்லை. நூலகத்திலிருந்து அந்தக் கோயிலைப் பற்றிய தடித்த புத்தகத்தை எடுத்து வருவார். தவணை முடிந்த அன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டு வருவார். அதன் தரைப்படத்தைப் பெரிதாகக் கீறிக் குசினிச் சுவரில் ஒட்டினார். நான் வெங்காயம் வெட்டும்போதெல்லாம் எதிரே அந்தக் கோயில்தான்.

"போகப் போக நிலம் உயரும், கூரை பதியும், வாசல் சின்னனாகும். எங்கட கோயில் மாதிரித்தான் பாரும்," என்பார். "அந்த இருட்டு எப்பிடிக் கூடிக்கொண்டு போகுது எண்டு ஒருக்கா நடந்து பார்க்க வேணும். அது ஒண்டு காணும் எனக்கு."

வாழ்க்கையில் அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதனால் நானும் சகித்துக்கொண்டேன். லண்டனில் இருந்த என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததும் சாட்டுக் கிடைத்தது. லண்டன் போகிற வழியில் எகிப்து என்று எல்லோருக்கும் சொன்னோம். உண்மையில் எகிப்து போகிற வழியில்தான் லண்டன்.

டிக்கெட்டும் எடுத்து லீவும் எடுத்து எல்லாம் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. அவருடைய பெரியப்பா இறந்துவிட்டார். தந்தி எங்கள் கைக்கு வந்தபோது அங்கே சாம்பல்கூட ஆறியிருக்கும்.

என் கணவருக்குச் சிறுவயதிலேயே தகப்பன் இல்லை. வளர்த்தது இந்தப் பெரியப்பாதான். பேச்சுக் குறைவு, ஏச்சு அதிகம். நாங்கள் வெளிக்கிடும்போது ஸ்டேசன் மேடையில் நின்று அவர் கடைசியாகச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நான் செத்தா விழுந்தடிச்சு ஓடி வராதை. அங்கை வேலையைப் பார்." ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தந்தியை வாசலில் நின்றே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வேலைக்குப் போய்விட்டார். அழுதால் ஆறுதல் சொல்லலாம், ஏசினால் திருப்பி ஏசலாம். ஒன்றுமே செய்யாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னேரம் வந்தவுடன் கேட்டேன்.

"முப்பத்தொரு நாள் துடக்கெல்லோ? பயணத்தைத் தள்ளிப் போடுவமோ?"

செத்த வீட்டுத் தீட்டை எங்கள் பக்கத்தில் துடக்கு என்போம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிகிற வரைக்கும் இறந்தவரின் ஆண்வழிச் சொந்தங்கள் கோயில் வாசல் மிதிக்க மாட்டார்கள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு மனைவிமாருக்கும் அது சேரும்.

அவர் சிரித்தார். "கோயிலே இல்லாத ஊரிலை என்ன துடக்கு? எந்தக் கோயிலுக்குப் போகாமல் இருக்கப் போறீர், சொல்லும் பாப்பம்?"

அது உண்மை. அப்போது எங்களுக்குக் கும்பிடப் போக மெல்பேர்னில் ஒரு கோயில் கிடையாது. குசினி அலுமாரித் தட்டில் இரண்டு சாமிப் படங்கள் இருந்தன, அவ்வளவுதான். நான் அதற்கு விளக்கு ஏற்றாமல் விட்டேன், மீன் வாங்காமல் விட்டேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் வைத்ததைச் சாப்பிட்டார். சித்திரையில் திட்டமிட்டபடி வெளிக்கிட்டோம். அந்தியேட்டிக்கு இன்னும் நாள் இருந்தது.

பழைய இடிபாடுகளைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்கள் எல்லாம் தனியாகப் போனவர்களாக இருக்க வேண்டும். நாங்கள் ஒரு பஸ் நிறைய ஆட்களோடு போனோம். அதில் பாதிப் பேர் அவுஸ்திரேலியர்கள். ஜீலோங் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். எந்த முற்றத்தைக் கண்டாலும் இதற்குள் எத்தனை ஆட்டை அடைக்கலாம் என்று கணக்குப் போடுவார். சிட்னிக்காரி ஒருத்தி, எந்தத் தூணைக் காட்டினாலும் தங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய ஒப்பெரா மண்டபம் இதைவிட உயரம் என்றாள். வெயில் தலையைப் பிளந்தது. தண்ணீர்ப் போத்தல் வெந்நீராகிவிட்டது. மணல் பல்லுக்குள் கடிபட்டது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் வந்தது, பக்கத்துச் சீட்டில் கலியாண மாப்பிள்ளை மாதிரித் தலையைச் சீவிவிட்டுக்கொண்டு இருந்த ஒருவருக்காக.

கோயிலின் முன் கோபுரம் வந்ததும் அவர் பேசத் தொடங்கினார். வழிகாட்ட வந்த எகிப்தியப் பையனைப் பேசவே விடவில்லை. இந்தக் கல் எங்கிருந்து வந்தது, அந்தச் சுவர் ஏன் சரிந்திருக்கிறது என்று இவரே சொன்னார். வழிகாட்டி பாவம், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றான். திறந்த முற்றத்தைக் கடந்தோம். கூரை மிஞ்சியிருக்கிற உள் பகுதியின் வாசல் வந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா? வாங்கோவன்."

"நீர் போம்."

"நீங்கள்?"

"துடக்கெல்லோ," என்றார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் அடக்கிச் சொல்ல முடியாது. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்கள். இந்த மனிதர் அதற்கு நேர்மாறு. வாயால் எல்லாக் கோயிலையும் இடித்துவிட்டு வாசலில் வந்து நடுங்குகிறார்!

"உங்களுக்கென்ன விசரோ? இது ஆற்றை கோயில்? எங்கட பிள்ளையாரே உள்ளுக்கு இருக்கிறார்?"

"கோயில் எண்டுதானே கட்டினவங்கள்."

"ஆயிரம் வருசத்துக்கு மேலை இஞ்சை பூசையே இல்லையாம். சாமியே இல்லையாம். அந்தப் பெடியன் இப்பதானே சொன்னவன்."

"இருந்த இடமெல்லோ."

"கோயில் இல்லாட்டித் துடக்கும் இல்லை எண்டு டண்டினொங்கிலை சொன்னது ஆர்?"

"நான்தான். இஞ்சை கோயில் இருக்கே."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுவருக்கும் அங்கே குறைவில்லை. எத்தனையோ வருடம் குசினிச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்த இடம். இன்னும் பத்தடி நடந்தால் அவர் ஆசைப்பட்ட இருட்டு. மடியில் வைத்துத் தாலாட்டிய பிள்ளையை நித்திரை வருகிற நேரம் தூக்கி எறிகிற மாதிரி, அந்தப் பத்தடிக்கு இப்பாலேயே நிற்கிறேன் என்கிறார். கெஞ்சினேன், ஏசினேன், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

பண்ணைக்காரரின் மனைவி திரும்பி வந்து, அவருக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். நான் என்னவென்று சொல்ல? யாழ்ப்பாணத்தில் ஒரு கிழவர் செத்துப்போனதால் இவர் எகிப்துக் கோயிலுக்குள் நுழையக் கூடாது என்றா? வயிறு சரியில்லை என்றேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். இவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

"எனக்கும்தானே துடக்கு? நானும் போகேல்லை, வாங்கோ பஸ்ஸுக்கு," என்றேன்.

"இல்லை, நீர் போம். உமக்கு என்னாலை வந்த துடக்கு. எனக்குத்தான் இரத்தம். நீர் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லும்."

இந்தச் சட்டத்தை எந்தச் சாத்திரத்தில் படித்தார் என்று இன்றுவரை தெரியாது. சரி, கமராவையாவது தாருங்கோ, உள்ளே படம் எடுத்துக்கொண்டு வாறன் என்றேன். மூலஸ்தானத்தைப் படம் எடுக்கக் கூடாதாம்! அத்தோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறென்று படியேறினேன். ஏறியவள் என்னை அறியாமல் வாசலில் செருப்பைக் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. இவரைச் சொல்லி என்ன பயன்! வெறுங்காலில் கல் கொதித்தது. திரும்பப் போடவும் ரோசம் விடவில்லை. என் கணவர் குனிந்து என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கையில் மாத்திரை, மறுகையில் செருப்பு.

உள்ளே கால் வைத்ததும் கல் குளிர்ந்தது. தூண்கள் அவர் சொன்னபடியே நின்றன. உத்தரத்துக்கு அடியில் நீலமும் சிவப்பும் இருந்தன. அவர் சொன்னபடியே நிலம் உயர்ந்தது, கூரை பதிந்தது, வாசல்கள் சிறுத்தன. அவர் சொல்லாதது ஒன்று இருந்தது. மணம். வௌவால் மணம். பழைய கல்லும் வௌவால் எச்சமும் சேர்ந்த, மூக்கைச் சுளிக்க வைக்கிற மணம். எங்கள் பெரிய கோயில்களின் உள்வீதியில் வருமே, அதே மணம்.

கடைசி அறைக்கு வந்தபோது பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். வெறும் கற்பீடம். அதன் முன்னால் என் கை தானாகக் கூப்பிக்கொண்டது. கோயில் என்று ஒன்றுக்குள் நான் நின்று எத்தனையோ வருடங்களாகிவிட்டன. யாருடைய கோயில், எந்தச் சாமி, எனக்குத் துடக்கு, ஒன்றும் நினைவில்லை. அந்த நாற்றத்துக்குள் நின்று விக்கி விக்கி அழுதேன். சிட்னிக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் எனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் செருப்பைக் காலடியில் வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். நீலம் எந்தப் பக்கம்? எத்தனையாவது வாசலிலிருந்து இருட்டுகிறது? பீடம் எவ்வளவு உயரம், உம்மட இடுப்பளவோ முழங்காலளவோ? பஸ்ஸில் ஏறியும் விடவில்லை. பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். வௌவால் மணத்தையும் அழுததையும் மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

டண்டினொங்குக்குத் திரும்பி வந்த பிறகுதான் ஒரு நாள் குசினியில் நிற்கிறேன், கூடத்தில் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் அவர் வாயில் வருகின்றன! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறது என்றால் இதுதான். தேங்காய் என்னுடையது, உடைக்கிற புண்ணியம் அவருக்கு. ஆட்கள் போனபின் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் இந்தப் பொய்?"

"என்ன பொய்? உள்ளுக்கு இருக்கிறதைத்தானே சொல்லுறன்."

"போகேல்லை எண்டு சொல்லுறதுக்கென்ன?"

"ஏன் எண்டு கேப்பாங்கள். சொன்னாச் சிரிப்பாங்கள்."

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அதே கதை. கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போனது. இந்த மனிதர் எதற்காக அந்த வாசலில் நின்றார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. கேட்டால் "துடக்கு" என்பார். நம்பிக்கை இல்லாத ஆளுக்கு என்ன துடக்கு என்றால் புத்தகத்தைத் திறந்துவிடுவார்.

அந்தக் கோடையில் பெரியப்பாவின் மகன் எங்களிடம் வந்தார். என் கணவருக்குத் தம்பி முறை. செத்த வீட்டுக்குப் பிறகு குடியேறி வந்து சிட்னியில், ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் இருந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர் அவர்தான். ரயிலால் இறங்கி வந்தவரிடம் என் கணவர் ரயிலைப் பற்றிக் கேட்டார், வேலையைப் பற்றிக் கேட்டார், சிட்னி வெயில் எப்படி என்று கேட்டார். பெரியப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பியும் பேச்செடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கதிரையில் இருந்து என் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வருகிறார், போர்வை தொங்கவிட!

"ஐயோ, இண்டைக்கு வேண்டாம். அந்தப் பிள்ளையோடை இருந்து கதையுங்கோ," என்றேன்.

கேட்டால்தானே! மல்கிரேவிலிருந்து ஒரு டொக்டரையும் மனைவியையும் வேறு கூப்பிட்டுவிட்டார்.

இறக்கை, ஒட்டகம், மணல், பஸ். பிறகு கரிய வாசல். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தூண்களைத் தொடங்கினார். உத்தரத்து நீலத்துக்கு வரும்போது தம்பி கேட்டார்.

"இது எப்ப போனனீங்கள், அண்ணா?"

"போன சித்திரை."

தம்பி விரல் விட்டு மாதத்தை எண்ணினார். "அப்ப... அப்பான்ரை அந்தியேட்டிக்கு முந்தியோ?"

டொக்டர் கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எங்கட ஒழுங்கை முகப்பிலை வைரவர் சூலம் இருக்கெல்லோ, அதுக்குக் கிட்டவும் நான் அந்த முப்பத்தொரு நாளும் போகேல்லை," என்றார் தம்பி. "நீங்கள் உள்ளுக்குப் போயிட்டீங்கள், என்ன?"

கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டார். அதுதான் பொல்லாதது. என் கணவரின் வாயைப் பார்த்தேன். எத்தனை பேருக்கு எத்தனை சனிக்கிழமை அளந்த வாய், திறந்தபடி நின்றது. போகவில்லை என்றால் டொக்டருக்கு முன்னால் பொய்யன். போனேன் என்றால் தம்பிக்கு முன்னால் அதைவிடக் கேவலம். வேண்டும் நன்றாக என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். வடை அள்ளுகிற கண்ணாப்பைக் கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டேன்.

"அவர் போகேல்லைத் தம்பி. அந்த மூலையிலை தெரியிறது தூசி இல்லை. என்ரை செருப்பு. அதைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வெயிலுக்கை வெளியிலை நிண்டு இந்தப் படத்தை எடுத்தவர். உள்ளுக்குப் போனது நான். இவ்வளவு நாளும் அளந்தது எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். செருப்பு என்று தெரிந்த பிறகு செருப்பாகவே தெரிந்தது, வார்கூடத் தெரிந்தது.

என் கணவர் புரொஜெக்டரில் கை வைத்தபடி நின்றார். பிறகு தம்பியைப் பார்க்காமல் அந்த வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"அவருக்கு நான் ஒண்டும் செய்யேல்லை. பாடை தூக்கேல்லை. வாய்க்கரிசி போடேல்லை. தந்தி வந்த அண்டைக்கும் வேலைக்குப் போனனான். அவர்தானே வராதை எண்டவர். அந்த வாசலுக்கு வரேக்கைதான் நினைச்சன், இதிலை நிண்டா, இது ஒண்டாவது அவருக்கு நான் செய்ததாயிருக்கும் எண்டு."

எனக்குக் கையில் கரண்டி இருப்பதே மறந்துவிட்டது. இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே! அந்தக் கொதிகல்லில் வைத்துச் சொல்லியிருந்தால் நானும் அவரோடு வெளியே நின்றிருப்பேனே. எவ்வளவு ஏசினேன், எவ்வளவு இழுத்தேன். மரம் மாதிரி நின்றாரே தவிர இதைச் சொல்லவில்லை.

தம்பி கதிரையை அவர் பக்கம் திருப்பினார். பிறகு, "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியுமோ, அண்ணா?" என்றார். குரலை அப்படியே தகப்பன் மாதிரி மாற்றிக்கொண்டு, "விசரா! அவ்வளவு தூரம் போயிட்டு உள்ளுக்குப் போகாமல் வந்தனியே!" என்றார்.

அச்சொட்டான பெரியப்பாவின் குரல். என் கணவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எந்த இடத்தில் அழத் தொடங்கினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தந்தி வந்து ஒரு வருடம் நெருங்குகிற நேரத்தில், டண்டினொங்கில், கம்பளிப் போர்வை தொங்குகிற அறையில், டொக்டருக்கும் மனைவிக்கும் முன்னால், குழந்தை மாதிரி அழுதார். தம்பி எழும்பிப் போய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். டொக்டரின் மனைவி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சாள், அப்ப நீங்களே சொல்லுங்கோ. உள்ளுக்கு என்ன இருந்தது?"

விரிப்பில் அந்தக் கரிய வாசல் அப்படியே நின்றது. என் கணவர் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் விருந்தாளிகளோடு இருந்தார். நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"உள்ளுக்குப் போன உடனை முதல் வந்தது வௌவால் மணம்," என்றேன்.

"வௌவாலோ?" என் கணவர் நிமிர்ந்தார். "நீர் எனக்கு அதைச் சொல்லவே இல்லையே!"

"நீங்கள் எங்கை என்னைக் கதைக்க விட்டனீங்கள்? பேசாமல் இருந்து கேளுங்கோ."

கேட்டார்.